யுக்கேஜாங், தாக்கேஜாங்: கொரியக் கார சூப்பை வீட்டில் வைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொரியாவில் காரமான சூப் ஒன்றிரண்டோடு நிற்காது. கிம்ச்சி என்ற புளிக்கவைத்த காய் போட்டது, பட்டுப்போன்ற தோஃபு போட்டது, மீன் தலை போட்டது என்று பல உண்டு. இந்தப் பக்கம் அவற்றில் ஒன்றைப் பற்றியது: கறியை வேகவைத்து, கையால் நார் நாராகப் பிய்த்து, கட்டுக்கட்டாக வெங்காயத்தாள் சேர்த்து, மிளகாய்ப்பொடியில் பிசறிக் கொதிக்க விடும் சிவப்பு சூப். மாட்டுக்கறியில் வைத்தால் யுக்கேஜாங், கோழியில் வைத்தால் தாக்கேஜாங். எங்கள் வீட்டில் அதிகம் வைப்பது கோழியில். அதனால் கீழே உள்ள அளவுகள் கோழிக்கானவை. மாட்டுக்கறிக்கு என்ன மாறும் என்பதைத் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

இந்தப் பெயர்களுக்கு என்ன பொருள்?

'யுக்' என்றால் இறைச்சி, வழக்கில் மாட்டிறைச்சி. 'தாக்' என்றால் கோழி. நடுவில் வரும் 'கே' என்பது நாய். அந்தக் காலத்தில் கோடையில் நாய்க்கறியில் வைத்த காரச் சாற்றுக்குக் கேஜாங் என்று பெயர். அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்காக அதே பக்குவத்தில் மாட்டுக்கறி போட்டு வைத்தது யுக்கேஜாங் ஆனது. பின்னால் கோழியும் வந்தது. பெயரில் ஒட்டிக்கொண்ட சொல்லைத் தவிர இந்த சூப்பில் நாய்க்கறிக்கு வேலையே இல்லை. உண்பதற்காக நாய் வளர்ப்பதையும் வெட்டுவதையும் விற்பதையும் தடை செய்யும் சட்டத்தைத் தென்கொரிய நாடாளுமன்றம் 2024 ஜனவரியில் நிறைவேற்றிவிட்டது.

இது சூப்பா, குழம்பா?

கொரியர்கள் இதை வகைபிரித்துத்தான் பேசுவார்கள். தினமும் சோற்றோடு வரும் தெளிந்த சாறு 'குக்'. நெடுநேரம் கொதித்து இறங்குவது 'தாங்'. தண்ணீர் குறைந்து, உப்பும் உறைப்பும் தூக்கலாக, நடுவில் வைத்து எல்லோரும் தொட்டுக்கொள்வது 'ஜிகே'. நம் கணக்கில் ரசம், சாம்பார், குழம்பு என்று பிரிப்பதுபோல. யுக்கேஜாங் முதல் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். கரண்டியால் அள்ளினால் பாதி சாறும் பாதி காயும் கறியும் வரவேண்டும். கெட்டியாக்க மாவோ தேங்காயோ எதுவும் சேர்ப்பதில்லை.

கொளுத்தும் வெயிலில் இதைக் குடிப்பார்களா?

வெயிலில்தான் குடிப்பார்கள். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை மூன்று 'போக்' நாட்கள் வரும். நம் அக்கினி நட்சத்திரம் போல, அது அவர்களுக்கு ஆண்டின் உச்ச வெயில். அந்த நாட்களில் சூடானதைச் சாப்பிட்டு வியர்க்க வேண்டும் என்பது பழைய நம்பிக்கை. 'இயொல்ச்சியொல்' என்று ஒரு தொடரே இருக்கிறது: சூட்டைச் சூட்டால் அடக்குவது. ஆவி பறக்கும் சாற்றை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு 'ஷிவொன்ஹதா' என்பார்கள். அந்தச் சொல்லுக்கு நேர்ப்பொருள் 'குளிர்ச்சியாக இருக்கிறது'. சளி பிடித்த நாளில் மிளகு ரசம் தொண்டையில் இறங்கும்போது வரும் இதம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த சூப்போடு சேர்த்துப் பேசப்படும் ஊர் தேகு. தென்கிழக்கில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தில் இருக்கும் நகரம். கோடை வெப்பத்துக்குப் பேர்போனது. சோற்றைச் சாற்றுக்குள் போட்டுத் தராமல் தனிக் கிண்ணத்தில் தரும் 'த்தாரோ குக்பாப்' அந்த ஊரின் அடையாளம்.

கொரிய மிளகாய்ப்பொடி கிடைக்கவில்லை. நம் பொடியைப் போடலாமா?

போடலாம். எந்தப் பொடி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கொரியப் பொடியின் பெயர் கொச்சுகாரு. நன்கு பழுத்த மிளகாயைக் காயவைத்து, விதையைப் பெரும்பாலும் நீக்கிவிட்டு, ரவை போலக் கொரகொரப்பாக அரைப்பது. நிறம் அதிகம், உறைப்பு நடுத்தரம், பின்னால் லேசாக ஒரு இனிப்பு. அதனால்தான் ஒரு பானைக்கு நான்கு மேசைக்கரண்டி போட்டாலும் வாய் எரிவதில்லை. குண்டூர் மிளகாய்ப்பொடியை அதே அளவு போட்டால் ஒருவரும் சாப்பிட முடியாது. அளவைக் குறைத்தாலோ நிறமும் இனிப்பும் வராது.

எனக்குச் சரியாக வந்த மாற்று பியாடகி மிளகாய், அல்லது காஷ்மீரி மிளகாய். 25 மிளகாயைக் கிள்ளி, விதையை உதறி, ஒரு நாள் வெயிலில் மொறுமொறுப்பாகக் காயவைத்து, மிக்ஸியில் விட்டு விட்டுச் சுற்றுங்கள். நைசாக ஆகும் முன் நிறுத்திவிடுங்கள். வறுக்கக் கூடாது, வறுத்தால் அது வேறு வாசனை. உறைப்பு இன்னும் வேண்டும் என்றால் இரண்டு குண்டு மிளகாய் சேர்த்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் செய்யவே கூடாது: மல்லி, சீரகம் சேர்த்து அரைத்த குழம்பு மிளகாய்த்தூளைப் போடுவது. நல்ல கோழிக் குழம்பு கிடைக்கும், தாக்கேஜாங் கிடைக்காது.

சென்னையில் இருப்பவர்களுக்குக் கொச்சுகாரு கிடைப்பது கடினமில்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை வந்த பிறகு கொரியக் குடும்பங்கள் வந்து தங்க, அவர்களுக்கான மளிகைக் கடைகளும் வந்துவிட்டன. வாங்கியதும் உறைபெட்டியில் வையுங்கள். வெளியே வைத்தால் சில மாதங்களில் நிறம் மங்கி, வாசனை போய்விடும்.

மிளகாய் அங்கும் வெளியிலிருந்து வந்ததுதான். 1614-இல் யி சு-குவாங் என்ற அறிஞர் எழுதிய 'ஜிபொங் யுசொல்' தொகுப்பில் மிளகாய் பற்றிய குறிப்பு இருக்கிறது. ஜப்பானிலிருந்து வந்த பொருளாக அதில் பேசப்படுகிறது. நமக்குப் போர்த்துக்கீசியக் கப்பல்களில் வந்த அதே அமெரிக்கச் செடி. இரண்டு ஊர்களும் அதை இவ்வளவு சொந்தமாக்கிக்கொண்டன என்பதை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பாக இருக்கும்.

கொச்சுஜாங் விழுது போடவேண்டுமா?

வேண்டாம். கொரியக் காரம் என்றாலே அந்தச் சிவப்பு விழுது என்று நம் ஊரில் பதிந்துவிட்டது. அரிசியும் சோயாவும் மிளகாயும் புளித்த இனிப்பான விழுது அது. இந்த சூப்பில் போட்டால் சாறு கலங்கி, குழகுழவென்று இனிப்பாகிவிடும். சிலர் அரைக் கரண்டி சேர்ப்பதுண்டு, தப்பில்லை. ஆனால் முழுக் காரத்தையும் அதை நம்பி விடாதீர்கள். மேலே சிவப்பு எண்ணெயும் கீழே தெளிந்த சாறுமாக நிற்பதுதான் இதன் அழகு.

நல்லெண்ணெய் ஊற்றலாமா? இரண்டும் எள் எண்ணெய்தானே?

இரண்டும் எள்தான், வாசனை வேறு. நம் செக்கு நல்லெண்ணெய் எள்ளை வறுக்காமல் ஆட்டியது. கொரியர்களின் 'சாம்கிரும்' எள்ளைச் சிவக்க வறுத்துப் பிழிந்தது. அதனால் நிறமும் கருத்திருக்கும், ஒரு தேக்கரண்டியிலேயே அடுப்படி மணக்கும். நான் செய்வது இது: நல்லெண்ணெயையே பயன்படுத்தி, இரண்டு மேசைக்கரண்டி வெள்ளை எள்ளை மிதமான தீயில் நல்ல பொன்னிறமாகும்வரை வறுத்து, உரலில் ஒன்றிரண்டாக இடித்துக் கறியில் பிசறிவிடுவேன். அந்த வறுத்த மணம் வந்துவிடும்.

சோயா சாஸ் ஊற்றினால் சாறு கறுத்துப்போகிறது. ஏன்?

கொரியர்கள் சூப்புக்கென்றே ஒரு சோயா சாஸ் வைத்திருக்கிறார்கள், குக்கன்ஜாங் என்று. வேகவைத்த சோயாவை இடித்துக் கட்டிகளாகப் பிடித்து, காயவைத்துப் பூஞ்சை பிடிக்கவிட்டு, உப்புநீரில் பானையில் ஊறப்போடுவார்கள். மாதக்கணக்கில் ஊறிய பின் வடியும் நீர்தான் அது. அடியில் தங்கும் விழுது தோயென்ஜாங். இந்த 'ஜாங்' தயாரிக்கும் முறையை யுனெஸ்கோ 2024 டிசம்பரில் மரபுப் பட்டியலில் சேர்த்தது. குக்கன்ஜாங்கில் உப்பு அதிகம், நிறம் குறைவு. அதனால் சாறு கறுக்காது.

நம் கடைகளில் பரவலாகக் கிடைப்பது நூடுல்ஸுக்கான அடர்கறுப்பு சாஸ். அதை உப்புக்காக ஊற்றிக்கொண்டே போனால் சூப் மைபோல ஆகும். லைட் சோயா சாஸ் ஒரு பாட்டில் வாங்கி, இரண்டு மேசைக்கரண்டியோடு நிறுத்தி, மீதி உப்பைக் கல்லுப்பில் சரிசெய்யுங்கள். மீன் சாஸ் வீட்டில் இருந்தால் ஒரு தேக்கரண்டி நன்றாகவே சேரும்.

வெங்காயத்தாள் இவ்வளவு எதற்கு?

இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் எல்லோரும் முதல்முறை கொஞ்சமாகப் போட்டவர்கள்! வெங்காயத்தாளை மேலே தூவும் பொருளாக நினைக்காதீர்கள். இங்கே அதுதான் காய். கொரியாவில் 'தேபா' என்று கட்டைவிரல் கனத்தில், முழங்கை நீளத்துக்கு வளரும் ஒரு வகை. கொதிக்கக் கொதிக்கக் காரம் போய், கரும்பு போலத் தித்திப்பு இறங்கும். சர்க்கரை போடாமலே இந்தச் சாற்றில் ஒரு இனிப்பு இருப்பது அதனால்தான்.

நம் சந்தையில் கிடைக்கும் மெல்லிய தாளில் மூன்று அல்லது நான்கு கட்டு, எடைக்கு 300 கிராம் குறையாமல் வாங்குங்கள். வெங்காயத்தாள் போலவே தடித்த தண்டுள்ள லீக் கிடைத்தால் இரண்டு தண்டு கலந்துகொள்ளலாம்; தேபாவின் சதைப்பற்று அதில்தான் வரும். ஏழு சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டி, கொதிநீரில் அரை நிமிடம் போட்டு எடுத்துப் பிழிந்துவிடுங்கள். தாளின் குழலுக்குள் இருக்கும் வழவழப்பு போய்விடும். இந்த ஒரு படியைச் செய்யாமல் விட்டால் சாறு கொழகொழக்கும்.

கோசாரி, சேப்பந்தண்டு எல்லாம் கட்டாயமா?

கோசாரி என்பது காயவைத்த இளம் பெரணித் தளிர். கொரிய யுக்கேஜாங்கில் அது இல்லாவிட்டால் ஏதோ குறைந்தது போல இருக்கும், கறிநார் போலவே மெல்லக் கிடைக்கும். பச்சைப் பெரணியில் நச்சுப் பொருள் உண்டு. வேகவைத்து, தண்ணீரைக் கொட்டி, பல மணி நேரம் ஊறவைத்துத்தான் அங்கு சமைக்கிறார்கள். நம் மலைப்பகுதியில் கண்ட பெரணியைப் பறித்துவந்து முயற்சி செய்யவேண்டாம். அதற்குப் பதிலாக 200 கிராம் சிப்பிக் காளானை நாராகக் கிழித்துப் போடுங்கள். கொரிய வீடுகளிலும் இந்த சூப்பில் அதைப் போடுவார்கள்.

சேப்பந்தண்டு விஷயம் எனக்குப் பிரியமானது. கொரியர்களும் சேப்பங்கிழங்குச் செடியின் தண்டைத் தோலுரித்து, காயவைத்து, 'தோரான்தே' என்ற பெயரில் இதே சூப்பில் போடுகிறார்கள். பஞ்சு மாதிரி இருப்பதால் சாற்றையெல்லாம் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கடித்தால் வாய்க்குள் காரம் கொட்டும். நமக்குத் தெரிந்த அரிப்பு அங்கேயும் உண்டு. தண்டில் இருக்கும் ஊசி போன்ற ஆக்ஸலேட் படிகங்கள்தான் காரணம். நாம் புளியை விட்டு அடக்குவோம். அவர்கள் நன்கு வேகவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி ஊறப்போட்டு அடக்குகிறார்கள். இந்த சூப்பில் புளிக்கு இடமில்லை. ஆகவே தண்டைப் பக்குவம் செய்து பழக்கமுள்ள வீடாக இருந்தால் மட்டும் போடுங்கள். இல்லையென்றால் தண்டுக்கீரையின் முற்றாத தண்டைத் தோல்சீவி, நீளவாக்கில் கீறிப் போடலாம். எனக்கு அது நன்றாகவே வந்தது.

முளைப்பயறு என்றால் சுண்டலுக்கு முளைகட்டுவது போலவா?

அது குட்டை முளை. இங்கே வேண்டியது விரல் நீளத்துக்கு வளர்ந்த வெள்ளைத் தண்டு, 'சுக்ஜு'. பாசிப்பயறுதான். பெரிய கடைகளில் பொட்டலமாகக் கிடைக்கும். வீட்டில் வளர்க்க அரைக் கப் பயறை இரவு முழுவதும் ஊறவைத்து, துளையுள்ள பாத்திரத்தில் ஈரத்துணி மேல் பரப்பி, மேலே இன்னொரு ஈரத்துணியும் சின்னக் கனமும் வைத்து, வெளிச்சமே படாமல் மூடுங்கள். நாளைக்கு மூன்று நான்கு முறை தண்ணீர் ஊற்றி வடியவிட வேண்டும். நான்கைந்து நாளில் வளர்ந்துவிடும். வெளிச்சம் பட்டால் பச்சை பிடித்துக் கசக்கும்.

சரி, எப்படிச் செய்வது? முழுவதும் சொல்லுங்கள்.

நான்கைந்து பேருக்கு ஒரு கோழி, ஒரு கிலோவுக்குச் சற்று மேலே. தோலோடு வாங்க முடிந்தால் வாங்குங்கள். சிவப்பு எண்ணெய் மிதக்க அந்தக் கொழுப்பு உதவும். கோழியைக் கழுவி, இரண்டரை லிட்டர் தண்ணீரில் முழுதாகவோ நான்காக வெட்டியோ போட்டு, ஒரு பெரிய வெங்காயம், ஆறு பல் பூண்டு, கட்டைவிரல் அளவு இஞ்சி, பத்து மிளகு போடுங்கள். மஞ்சள் வேண்டாம். கொதி வந்ததும் நுரையை வழித்து எடுத்துவிட்டுத் தீயைக் குறைத்து, பிராய்லர் என்றால் 40 நிமிடம் விடுங்கள். நாட்டுக்கோழி ஒன்றரை மணி நேரம் வரை கேட்கும். அதன் சாறுதான் இரண்டிலும் மேல்.

கோழியை எடுத்து ஆறவிட்டு, எலும்பு நீக்கி, சதையை நார்வாக்கில் சுண்டுவிரல் கனத்துக்குக் கையால் பியுங்கள். கத்தியால் துண்டு போட்டால் மசாலா பிடிக்காது. எலும்பைச் சாற்றிலேயே திரும்பப் போட்டு இன்னும் 20 நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டினால் சாறு கனம் பெறும். வடித்த சாறு ஏறக்குறைய இரண்டு லிட்டர் இருக்கவேண்டும். குறைந்தால் தண்ணீர் சேர்க்கலாம்.

இதற்கிடையில் மிளகாய் எண்ணெய். அடிகனமான பாத்திரத்தில் மூன்று மேசைக்கரண்டி கடலெண்ணெய் அல்லது சூரியகாந்தி எண்ணெய், அதில் வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதி ஒரு கைப்பிடி பொடியாக அரிந்து போட்டுச் சின்னத் தீயில் ஓரம் சிவக்க விடுங்கள். அடுப்பை அணைத்துவிடுங்கள். அரை நிமிடம் பொறுத்து மிளகாய்ப்பொடியில் இரண்டு மேசைக்கரண்டி போட்டுக் கிளறுங்கள். மிளகாயின் சிவப்பு நிறமி தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் இறங்கும். இந்த இரண்டு நிமிட வேலையில்தான் முழு சூப்பின் நிறமும் மணமும் இருக்கிறது. பொடி பழுப்பாகிக் கருகிய வாசனை வந்தால் மனசு கேட்காவிட்டாலும் கொட்டிவிட்டு மறுபடி செய்யுங்கள். அந்தக் கசப்பை எதைப் போட்டும் மறைக்க முடியாது.

அப்புறம் பிசறுவது. பெரிய தட்டில் பிய்த்த கறி, பிழிந்த வெங்காயத்தாள், ஒரு நிமிடம் வெந்நீரில் போட்டு எடுத்த முளை, கிழித்த காளான் எல்லாவற்றையும் கொட்டி, மீதி இரண்டு மேசைக்கரண்டி மிளகாய்ப்பொடி, லைட் சோயா சாஸ் இரண்டு மேசைக்கரண்டி, இடித்த பூண்டு இரண்டு மேசைக்கரண்டி, நல்லெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, இடித்த எள், மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி சேர்த்துக் கையால் அழுத்திப் பிசறுங்கள். தாள் மசியாமல், கறி உடையாமல், ஆனால் ஒவ்வொரு நாரிலும் சிவப்பு ஏறும்படி. கால்மணி நேரம் அப்படியே வைத்துவிடுங்கள். மசாலாவைச் சாற்றில் கரைத்தால் சாறு மட்டும் காரமாகவும் கறி சப்பென்றும் இருக்கும். இப்படிப் பிசறினால் கடிக்கும்போதும் ருசி இருக்கும். சமையல் குறிப்புகளில் இந்த வரியைத் தாவிவிடுகிறவர்கள்தான் 'ஹோட்டல் ருசி வரவில்லை' என்கிறார்கள்.

பிசறியதை மிளகாய் எண்ணெய் உள்ள பாத்திரத்தில் கொட்டி, சின்னத் தீயில் இரண்டு நிமிடம் புரட்டி, சாற்றை ஊற்றுங்கள். கொதித்ததும் தீயைக் குறைத்து 25 நிமிடம். உப்பைக் கடைசியில் பாருங்கள். இரண்டு முட்டையை லேசாக அடித்து, கொதிக்கும்போது வட்டமாக ஊற்றி, ஒரு நிமிடம் தொடாமல் விட்டு இறக்குங்கள்.

குக்கரில் வைக்கலாமா?

கோழியைக் குக்கரில் வைத்தால் சதை குழைந்து நாராக வராது. அவசரத்துக்கு ஒரே ஒரு விசில், அதுவும் நாட்டுக்கோழிக்கு மட்டும் என்றால் சரி. மாட்டுக்கறிக்குக் குக்கர் நல்ல துணை. இரண்டாம் பாதி, அதாவது பிசறிய பிறகு கொதிப்பது, திறந்த பாத்திரத்தில்தான் நடக்கவேண்டும்.

மாட்டுக்கறியில் வைக்க என்ன மாற்றவேண்டும்?

மார்புப் பகுதிக் கறி 600 கிராம். நார் நீளமாகவும் இடையில் கொழுப்பும் உள்ள துண்டாகக் கேட்டு வாங்குங்கள். குளிர்ந்த தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து ரத்தத்தை வடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சாறு கவிச்சையடிக்கும். திறந்த பாத்திரத்தில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், குக்கரில் அரை மணி நேரம். வேகும்போது ஒரு பெரிய துண்டு முள்ளங்கி போட்டால் சாறு லேசாகும். வெந்ததும் அந்த முள்ளங்கியை மெல்லிய சதுரமாக வெட்டி சூப்பிலேயே போடலாம். மற்றதெல்லாம் அப்படியே.

சைவத்தில் வருமா?

வரும். கொரியாவிலேயே 'சேகேஜாங்' என்று காய்கறியில் மட்டும் வைக்கும் வழக்கம் உண்டு. பௌத்த மடங்களில் பூண்டு, வெங்காயத்தாள் போன்ற ஐந்து நெடிப் பொருட்களை விலக்குவார்கள். பழைய பட்டியல்களில் அந்த ஐந்தில் ஒன்று நம் பெருங்காயம்! வீட்டில் அவ்வளவு கட்டுப்பாடு வேண்டாம். பூண்டும் தாளும் போட்டே வையுங்கள்.

சாறுக்கு எட்டு உலர்ந்த ஷிடாக்கே காளானை இரண்டு லிட்டர் தண்ணீரில் சில மணி நேரம் ஊறவைத்து, முள்ளங்கி சேர்த்து அரை மணி நேரம் கொதிக்கவிடுங்கள். 'தாசிமா' என்ற உலர்ந்த கடற்பாசி கிடைத்தால் உள்ளங்கை அளவு ஒரு துண்டு போட்டு, கொதித்துப் பத்து நிமிடத்துக்குள் எடுத்துவிடுங்கள். கோழிக்கொழுப்பு இல்லாததால் மிளகாய் எண்ணெயில் ஒரு கரண்டி கூடுதலாக விடவேண்டும். சிப்பிக் காளானை 400 கிராமாக்குங்கள். பொரித்த தோஃபு போடலாம். பனீர் போட்டுப் பார்த்தேன், பால்வாசனை ஒட்டவேயில்லை.

காரம் கூடிவிட்டது. என்ன செய்ய?

சாறு இருந்தால் ஊற்றுங்கள், இன்னும் ஒரு முட்டை அடித்து ஊற்றுங்கள், சோறு கூடுதலாகப் பரிமாறுங்கள். சர்க்கரையும் எலுமிச்சையும் வேண்டாம். குழந்தைகளுக்கு வேண்டுமென்றால் பிசறுவதற்கு முன்பே ஒரு பங்கு கறியையும் வெள்ளைச் சாற்றையும் எடுத்துவைத்துவிடுவது நல்லது. உப்பும் மிளகும் போட்டால் அவர்களுக்கு அதுவே ஒரு சூப்.

அஜினோமோட்டோ தேவையா?

தேவையில்லை. எலும்பைத் திரும்பக் கொதிக்கவைத்திருந்தால் ருசி தானாக வரும்.

நூடுல்ஸ் போடலாமா? எதோடு சாப்பிடுவது?

'தங்ம்யோன்' என்ற சர்க்கரைவள்ளி மாவு சேமியா போடும் வழக்கம் உண்டு. கண்ணாடி போல இருக்கும். தனியாக ஊறவைத்து, பரிமாறும் கிண்ணத்துக்கு மட்டும் போடுங்கள். பானையில் போட்டால் சாற்றையெல்லாம் குடித்துவிடும். 'யுக்கேஜாங்' என்ற பெயரைக் கிண்ண நூடுல்ஸில் பார்த்தவர்கள் பலர் இருப்பீர்கள். நொங்ஷிம் நிறுவனம் 1982 முதல் அதை விற்கிறது. அதன் ருசியை மனதில் வைத்து இதை வைத்தால் வேறாகத்தான் இருக்கும்.

முறையான துணை சோறுதான். அவர்களுடையது ஒட்டும் குட்டை அரிசி. நாம் பச்சரிசியைக் கொஞ்சம் குழைவாக வடிக்காமல் பொங்கினால் போதும். சோற்றைக் கரண்டியில் எடுத்துச் சாற்றில் முக்கியும் சாப்பிடலாம், மொத்தமாகக் கொட்டியும் சாப்பிடலாம். பக்கத்தில் முள்ளங்கிக் கிம்ச்சி இருந்தால் அமர்க்களம். 'துக்பேகி' என்ற கறுப்பு மண்கிண்ணத்தில் கொதிக்கக் கொதிக்க வரும் படங்களைப் பார்த்து ஆசைப்பட்டால், நம் மண்சட்டி அந்த வேலையை அழகாகச் செய்யும்.

சாவு வீட்டில் பரிமாறும் உணவு என்கிறார்களே?

உண்மை. கொரியாவில் மருத்துவமனைகளோடு சேர்ந்தே இறுதிச்சடங்கு மண்டபங்கள் இருக்கும். துக்கம் கேட்க வருகிறவர்கள் வணங்கிவிட்டுப் பக்கத்துக் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுத்தான் போவார்கள். அங்கு பெரும்பாலும் வரும் கிண்ணம் யுக்கேஜாங். சிவப்பு நிறம் கெட்டதை விரட்டும் என்று சொல்வார்கள். பெரிய அண்டாவில் வைக்கலாம், எத்தனை முறை கொதிக்கவைத்தாலும் கெடாமல் ருசி கூடும், இரவெல்லாம் விழித்திருப்பவர்களுக்குத் தெம்பு தரும் என்பதும் அதற்குக் காரணம். அதற்காக அமங்கல உணவு என்று யாரும் ஒதுக்குவதில்லை. மற்ற நாட்களில் சந்தை ஹோட்டலிலும் வீட்டிலும் இதே சூப்தான்.

மீந்தால் எத்தனை நாள் வைக்கலாம்?

மறுநாள்தான் இது உண்மையிலேயே சேர்ந்து வரும்; நம் மீன்குழம்பு மாதிரி. குளிர்பெட்டியில் மூன்று நாள் தாங்கும். ஒவ்வொரு முறையும் வேண்டிய அளவு மட்டும் எடுத்து நன்கு கொதிக்க விடுங்கள். உறைபெட்டியில் வைப்பதானால் அன்றைக்கு முளையைக் கறியோடு பிசறாமல் கடைசியில் போடுங்கள்; முளையும் முட்டையும் சேர்க்கும் முன்பே ஒரு பங்கை டப்பாவில் எடுத்துவையுங்கள். ஒரு மாதம் கழித்துச் சூடாக்கி, புதிதாகக் கொஞ்சம் முளையும் ஒரு கைப்பிடி வெங்காயத்தாளும் போட்டு, முட்டையை அப்போது உடைத்து ஊற்றினால் அன்றைக்கு வைத்தது போலவே இருக்கும்.